விளக்கணைக்கும் முன்

படுக்கையில் குழந்தைக்குப் படித்துக் காட்டவென்று எழுதப்படும் படப்புத்தகத்தில் அடிப்படையிலேயே ஒரு முரண் இருக்கிறது. தாலாட்டுக்குக் காது போதும். கண் எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். படப்புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் 'கண்ணைத் திறந்து பார்' என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடவைக்கப் பார்க்கிறது. இதை வடிவத்தின் பிரச்னையாக உணர்ந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஒரே கேள்விதான்: பிள்ளை தூங்கிற்றா, இல்லையா? எழுத்தை அதன் உபயோகத்தைக் கொண்டு நிறுக்கிற பழைய வியாதி தொட்டில்வரை வந்துவிட்டது.

இதன் எல்லை 2015இல் தெரிந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்-யோஹான் ஃபோர்சேன் எர்லின் தாமே வெளியிட்ட, தூங்க விரும்பும் முயல் ஒன்றைப் பற்றிய புத்தகம் அந்த ஆண்டு அமேசானில் விற்பனையின் உச்சிக்குப் போயிற்று. எந்தச் சொல்லை அழுத்துவது, எதை மெதுவாக இழுப்பது, எங்கே கொட்டாவி விடுவது என்று படிப்பவருக்குக் குறிப்புகள். குழந்தையின் பெயரைப் போட்டுக்கொள்ள இடம். வண்டி ஓட்டுபவர் அருகில் படிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை வேறு. மருந்துச் சீட்டுதான். முயல் இருக்கிறது, அது வாழ ஒரு உலகம் இல்லை.

ரஸ்ஸல் ஹோபன் எழுதி கார்த் வில்லியம்ஸ் வரைந்த 'பெட்டைம் ஃபார் ஃப்ரான்ஸிஸ்' (1960) இந்த ரகம் அல்ல. ஃப்ரான்ஸிஸ் ஒரு பேட்ஜர் குட்டி. தன் அறையில் புலியைக் காண்கிறாள், ராட்சஸனைக் காண்கிறாள், கூரை விரிசலிலிருந்து ஏதோ இறங்கி வரும் என்று பயப்படுகிறாள். தூக்கம் கெட்ட அப்பா சொல்லும் சமாதானம் விசித்திரமானது: திரைச்சீலையை அசைப்பது காற்றின் உத்தியோகம், ஆபீஸ் போவது என்னுடையது, தூங்குவது உன்னுடையது. தவறினால் அவருக்கு வேலை போகும். அவளுக்கு அடி விழும். ஹாஸ்யமாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் தூக்கத்தையும் ஷிஃப்டில் சேர்த்துவிட்ட ஒரு சமூகத்தின் குரல் இது. ஹோபன் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று நினைக்க எனக்கு விருப்பம். இருந்தும் புத்தகம் பயத்துக்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. குழந்தை அதை ஏற்றுக்கொண்டு தூங்கிவிடுகிறது.

மார்கரெட் வைஸ் ப்ரௌன் எழுதி க்ளெமென்ட் ஹர்ட் வரைந்த 'குட்நைட் மூன்' (1947) பதில் எதையும் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. கதையும் கிடையாது. ஒரு பெரிய பச்சை அறை. கட்டிலில் முயல் குட்டி. நாற்காலியில் பின்னிக்கொண்டிருக்கும் கிழ முயல். அது தாயா, பாட்டியா, கூலிக்கு வந்தவளா என்று சொல்லப்படுவதில்லை. முதலில் ஒரு குரல் அறையிலுள்ளவற்றைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் விடைகொடுக்கிறது. அவ்வளவுதான். யாருடைய குரல் அது? குட்டியுடையது என்றும் கொள்ளலாம், படிக்கிற தாயுடையது என்றும் கொள்ளலாம். அடுக்கில் வராத சில பொருள்கள் விடைகொடுக்கும்போது புதிதாக வந்து சேர்கின்றன. அடுக்கில் வந்த டெலிபோனுக்குக் கடைசிவரை விடை கிடைப்பதில்லை. கணக்குச் சரிபார்க்கிற புத்தி இதைப் பிழை என்னும். தூக்கத்தின் விளிம்பில் இருக்கிற மனசுக்குப் பொருள்கள் இப்படித்தான் தட்டுப்படும், தவறியும் போகும். நடுவே ஒரு பக்கம் படமில்லாமல் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே விடைகொடுக்கப்படுவது 'யாருமில்லை' என்பதற்கு. சூன்யத்துக்கு ஒரு முழுப் பக்கம்! அதற்கு அடுத்து, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், கிண்ணத்துக் கஞ்சி.

ஹர்ட்டின் படங்கள் இதற்குள் வேறு காரியம் பார்க்கின்றன. வண்ணமும் கறுப்பு வெள்ளையும் மாறி மாறி வர, வண்ணப் பக்கங்களில் அறை கொஞ்சம் கொஞ்சமாக இருள்கிறது. கடிகாரம் ஏழிலிருந்து எட்டு பத்துக்கு நகர்கிறது. ஜன்னலில் நிலா ஏறுகிறது. சுண்டெலி ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் இருக்கிறது. குழந்தைகள் அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் பக்கம் புரட்டவிட மாட்டார்கள். இவை எதையும் வாசகம் சொல்வதில்லை. சொல் கண்ணை மூடப் பார்க்கிறது, படம் திறக்கிறது. நான் முதலில் சொன்ன முரண் இங்கே மழுப்பப்படாமல் அப்படியே வடிவமாகியிருக்கிறது. கடைசிப் படத்தில் கிழ முயலின் நாற்காலியில் பூனைக்குட்டிகள் மட்டும் தூங்குகின்றன. அவள் எப்போது எழுந்து போனாள்?

இந்தச் சிக்கனம் தற்செயல் அல்ல. நியூயார்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் பள்ளியில் லூசி ஸ்ப்ரேக் மிட்செலிடம் பயின்றவர் ப்ரௌன்; தேவதைக் கதையை விட்டுக் குழந்தையின் கைக்கெட்டும் உலகத்தை எழுத வேண்டும் என்பது அந்தக் கட்சி. கூடவே கெர்ட்ரூட் ஸ்டைனையும் ஊன்றிப் படித்தவர். ஸ்டைன் குழந்தைகளுக்காக எழுதிய 'த வேர்ல்ட் இஸ் ரௌண்ட்' 1939இல் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் இதே ஹர்ட்தான். நவீன எழுத்து தன் சோதனைகளைப் பெரியவர்களின் பத்திரிகைகளில் மட்டுமே நடத்தியது என்று எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

நியூயார்க் பொது நூலகம் 1972வரை இந்தப் புத்தகத்தை வாங்கவில்லை. அங்கே குழந்தை நூல்களின் அதிகாரமாக இருந்த ஆன் கரோல் மூர், ஓய்வுபெற்ற பின்னும் செல்வாக்கு இழக்காதவர், இதை விரும்பவில்லை. ப்ரௌன் 1952இலேயே, 42 வயதில், இறந்துபோனார். 2020இல் அதே நூலகம் அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டபோது, அந்த 25 ஆண்டு விலக்கத்தால் பட்டியலில் இடம்பெறாமல் போனது என்று இதற்குத் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. மூர் இதில் எதுவும் இல்லை என்று நினைத்தார். இன்று கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர், பிள்ளை சீக்கிரம் தூங்குகிறது என்பதற்காகக் கொண்டாடுகிறார்கள். இரண்டில் மூரின் வெறுப்பே மேல். அவர் புத்தகத்தையாவது பார்த்தார்.

இதைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர் முதல் சொல்லிலேயே தடுக்கி விழுவார். படுக்கப் போகும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நம் வீடுகளில் வார்த்தை கிடையாது. 'இரவு வணக்கம்' மேடைத் தமிழ். 'குட்நைட்' என்றால் கொசுவிரட்டி ஞாபகம் வருகிறது. 'போய்ட்டு வரேன்' என்று போடலாம். ஆனால் அதில் திரும்பி வருகிற உறுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ரௌனின் குரல் அந்த உறுதியை எந்தப் பக்கத்திலும் தருவதில்லை. 'வரேன்' என்பதை வெட்டிவிட்டு 'போறேன்' என்று மட்டும் வைத்தால் அர்த்தம் கிட்டத்தில் வரும். வீட்டில் பாட்டி இருந்தால் படிக்கவிட மாட்டாள்.