சாசரைத் தனியே பயில்வோர் எங்கே தொடங்குவது?

கேன்டர்பரி கதைகளைத் தாமாகவே பயில முற்படும் மாணவருக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது இது: முதலில் இக்கால ஆங்கில உரைநடையில் கதைகளைப் படியுங்கள், பிறகு விமர்சன நூல்கள், நேரமிருந்தால் மூலம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெஃப்ரி சாசர் 1400இல் மறைந்தபோது நூல் முடிந்திருக்கவில்லை. சத்திரக்காரர் ஹாரி பெய்லி வகுத்த திட்டப்படி, ஏறத்தாழ முப்பது யாத்திரிகர்களும் போகும்போது இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு கதை சொல்லியிருக்க வேண்டும். நம்மிடம் இருப்பவை 24. அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன. சாசரின் கைப்பட்ட பிரதி எதுவும் கிடைக்கவில்லை. எண்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இருந்தும் அவை கதைகளை ஒரே வரிசையில் தருவதில்லை. அச்சில் நாம் காணும் ஒழுங்கு பதிப்பாசிரியர்கள் எடுத்த முடிவு. படிகளிலிருந்து தொடங்குபவருக்கே அது முடிவு என்பது தெரியவரும்.

இதனால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் லைமன் கிட்ரெட்ஜ் 1912இல் வெளியிட்ட புகழ்பெற்ற வாதத்தைப் பாருங்கள். ஐந்து முறை மணந்த பாத் ஊர்ப் பெண்மணி, கணவன்மேல் மனைவிக்கே ஆட்சி என்கிறார். ஆக்ஸ்ஃபர்டு மாணவர், கணவன் இழைக்கும் கொடுமைகளையெல்லாம் வாய் திறவாமல் தாங்கும் கிரிசெல்டாவின் கதையால் பதில் தருகிறார். வணிகர் தம் கசப்பைக் கொட்டுகிறார். கடைசியில் நிலக்கிழார், இருவரும் விட்டுக்கொடுக்கும் இல்லறத்தைக் காட்டி விவாதத்தை முடித்துவைக்கிறார். இன்றும் வகுப்பறைகளில் ஒலிக்கும் இந்த அழகான வாசிப்பு, கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்திலுள்ள எல்ஸ்மியர் படியின் வரிசையை நம்பி நிற்கிறது. வேல்ஸ் தேசிய நூலகத்திலுள்ள ஹெங்வர்ட் படி அதனினும் பழையது என்பதும், இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதும் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்த ஹெங்வர்ட்டில் நிலக்கிழார் பேசி முடித்த பிறகுதான் ஆக்ஸ்ஃபர்டு மாணவர் வருகிறார். தீர்ப்பு முந்திவிடுகிறது, வாதம் பிந்துகிறது. அதைவிடவும் வியப்பானது ஒன்று உண்டு. எல்ஸ்மியரில் நிலக்கிழார் இளம் வீரனைப் பாராட்டித் தம் மகனை நினைத்து வருந்தும் வரிகள், ஹெங்வர்ட்டில் வணிகரின் வாயில் வருகின்றன. ஒரு பாத்திரத்தின் குணத்தை எடைபோட நாம் எடுத்துக்கொள்ளும் சொற்களே இன்னொருவருக்குரியவையாக இருக்கலாம்.

ஹெங்வர்ட்டின் வரிசை எழுத்தருக்குப் பகுதி பகுதியாக மூலம் கிடைத்ததால் நேர்ந்த குழப்பமே என்பார்கள். இருக்கலாம். அதற்காகக் கிட்ரெட்ஜின் வாதம் முழுவதும் சரிந்துவிடவும் இல்லை. ஆக்ஸ்ஃபர்டு மாணவர் தம் கதையின் முடிவில் பாத் பெண்மணியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். வணிகரின் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் அவரை மேற்கோள் காட்டுகிறது. ஆகவே அந்த இருவரும் அவருக்குப் பின்னே பேசுகிறார்கள் என்பதற்கு நூலுக்குள்ளேயே சான்று உண்டு. நிலக்கிழார் முடிவுரைப்பவர் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. எது நூல் தருவது, எது பதிப்பு தருவது என்று இப்படிப் பிரித்தறியும் பயிற்சி ஆசிரியர் இல்லாதவருக்கே மிகவும் தேவை. தவறான யூகத்தில் கால் வைக்கும்போது தடுத்து நிறுத்த அவருக்கு அருகில் ஆள் கிடையாது. பிரதிதான் தடுக்க வேண்டும்.

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலம் தனியாளுக்கு எட்டாது என்ற தடை முன்பு நியாயமானது. இன்று இரண்டு படிகளின் படங்களும் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. லாரி பென்சன் பொறுப்பில் 1987இல் வந்த ரிவர்சைடு பதிப்பில் குறிப்புகளும் சொல்லகராதியும் உண்டு. சாசரின் லண்டன் வழக்கு இன்றைய ஆங்கிலத்தின் நேர் மூதாதை. அவர் காலத்திலேயே வடமேற்கில் எழுதப்பட்ட கவெய்ன் காவியத்தோடு ஒப்பிட்டால் இது எளிய வாசல். தவிர, இந்தத் துறையைப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே வளர்க்கவில்லை. 1868இல் சாசர் கழகத்தை நிறுவி ஆறு படிகளை அடுத்தடுத்த பத்திகளாக அச்சிட்ட ஃபர்னிவல் சட்டம் பயின்றவர். அவர் பரப்பி வைத்த அந்தப் பத்திகளை ஒப்பிட எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

தொடங்குபவர் முதலில் சமையற்காரரின் கதையை எடுத்துக்கொள்ளலாம். சில பத்து வரிகளிலேயே அது அறுந்துவிடுகிறது. ஹெங்வர்ட் எழுத்தர் இதற்குமேல் சாசர் எழுதவில்லை என்று குறித்துவைத்தார். பின்வந்த படிகள் பலவற்றில் அந்த இடத்தில் சாசருடையதல்லாத கேமலின் கதை நுழைந்திருக்கிறது. ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர்கள் ஏன் இட்டு நிரப்பினார்கள் என்ற கேள்விக்கு விடை தேட, படிகளை அருகருகே வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.