ஒரே சொல், இரண்டு சுரங்கம்

ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் லியோனையும் டூரினையும் இணைக்கப் பிரான்சும் இத்தாலியும் குடைந்துவரும் ரயில் சுரங்கத்தின் நீளம் 57.5 கிலோமீட்டர். இத்தகைய வேலைகளில் இரு நாட்டுப் பொறியாளர்கள் பேசும் கூட்டத்துக்கு உரைபெயர்ப்பாளரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் உரைபெயர்ப்பாளர் பட்டியலில் பிரெஞ்சு, இத்தாலியன் இரண்டும் இருக்கின்றனவா, பக்கத்தில் 'தொழில்நுட்பம்' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேதி ஒத்துவந்தால் அமர்த்திவிடுவார்கள். இந்த முறையை அப்படியே தள்ளிவிட முடியாது. 1953இல் தொடங்கிய சர்வதேச மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கத்தில் சேர, ஒருவரின் வேலையைக் காதால் கேட்ட உறுப்பினர்கள் அவருக்காகச் சான்று சொல்ல வேண்டும். அதனால் உரைபெயர்ப்பாளருக்கான கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்ததும் திணறுகிற ஆள் அந்தச் சங்கப் பட்டியலில் இருப்பது அரிது. ஆனால் அந்தச் சான்று மொழிக்கும் திறமைக்கும்தான், பாறை இயக்கவியலுக்கு அல்ல. பிரான்சின் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியல்களும் உரைபெயர்ப்பாளர்களை மொழிவாரியாகவே பிரிக்கின்றன. துறை என்ற இடத்தில் காண்பது பெரும்பாலும் அவரவர் தம்மைப் பற்றி எழுதிக்கொண்டது.

இந்த இரு மொழிகளில் அந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. காரணம் அவற்றின் உறவு. இத்தாலியனில் 'கல்லேரியா' என்றால் சுரங்கப்பாதையே; பிரெஞ்சுப் பொறியாளருக்குக் 'கலரி' என்பது முதன்மைச் சுரங்கத்தை ஒட்டிய சிறு வழி, 'துனெல்' வேறு. பிரெஞ்சில் 'ஃபெர்மே' என்றால் மூடு; இத்தாலியனில் 'ஃபெர்மாரே' என்றால் நிறுத்து. வால்வைப் பற்றிய பேச்சில் இது வெறும் சொல் வேடிக்கை அல்ல. மறுபுறம், சுரங்கச் சுவரில் பொருத்தும் கான்கிரீட் துண்டைப் பிரெஞ்சுக்காரர் 'வூஸ்வார்' என்பார், இத்தாலியர் 'கோன்ச்சோ' என்பார். பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டுக்கு இத்தாலியத் தொழிலாளி ஜெர்மனிலிருந்து வந்த 'ஸ்பிரிட்ஸ்பெத்தோன்' என்ற சொல்லைச் சொல்வார். ஒலி ஒத்த இடத்தில் பொருள் விலகுகிறது, பொருள் ஒத்த இடத்தில் ஒலி விலகுகிறது. முன்பின் கேட்டிராத சொல் உரைபெயர்ப்பாளரை ஒரு நொடி நிறுத்தும். தெரிந்த முகம் போலிருக்கும் சொல் நிறுத்தாது. ஆகவே தவறு நடந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். இவ்வளவு நெருங்கிய மொழிகளுக்கு ஆள் கிடைப்பது எளிது என்ற நம்பிக்கைதான் என் பார்வையில் பட்டியலைப் பார்த்து ஆள் அமர்த்தும் வழக்கத்தின் ஆகப் பெரிய பலவீனம்.

இரு தரப்பும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாமே என்பார்கள். பேசலாம், ஆனால் மூன்றாம் மொழியில் வாதிடுகிறவர் சொல்ல நினைத்ததைச் சொல்வதில்லை, சொல்ல முடிந்ததைச் சொல்கிறார். இரு மொழியும் ஆட்சிமொழியாக உள்ள ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பொறியாளரை அழைக்கலாம் என்பது இதைவிட வலுவான யோசனை. சொல் அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே பேசும் பயிற்சி கிடையாது. அதோடு, பொறியாளர் வாய் திறந்தால் தன் கருத்தையும் கொஞ்சம் சேர்த்துவிடுவார்! எனவே தேர்ந்த உரைபெயர்ப்பாளரையே எடுத்து, வரைபடங்களையும் முந்தைய கூட்டக் குறிப்புகளையும் பத்து நாள் முன்பே அவர் கையில் கொடுப்பதுதான் மேல். ரகசியம் வெளியேறும் என்ற அச்சத்துக்கு இடம் குறைவு: அந்தச் சங்கத்தின் நெறிமுறையிலேயே ரகசியக் காப்பு கட்டாயம்; ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளலாம். செலவு கூடும் என்பது உண்மை. அரைமணிக்கொரு முறை மாறி மாறிப் பேச எப்படியும் இருவர் வேண்டும். படிக்கும் நாட்களுக்கும் கூலி தர வேண்டும். ஆனால் படிக்க எதுவும் கேட்காமல் கூலியை மட்டும் பேசுகிறவர், பெயருக்குப் பக்கத்தில் எத்தனை துறை போட்டிருந்தாலும், அந்த அறைக்கு ஏற்றவர் அல்ல.