ஒரே ஜன்னலில் ஒன்பது மாட்யூல்

எங்கள் பில்லிங் மென்பொருள் ஒரே மாட்யூலாக இருந்தவரை எதைத் தொட்டாலும் எல்லாம் ஆடும். ரசீது அச்சடிக்கும் பகுதியில் ஒரு வரி மாற்றினால் சரக்கிருப்பு டெஸ்ட் விழும். போன வருடம் துணிந்து அதை ஒன்பது மேவன் மாட்யூல்களாகப் பிரித்தோம். இன்டெல்லிஜே ஐடியாவில் நான் திறந்தது தாய் பாம் (pom.xml) கோப்பை மட்டும்தான். அதிலிருந்த ஒன்பது பெயர்களையும் படித்து, இடப்பக்கம் வரிசையாக விரித்து வைத்துவிட்டது. என்ன அழகு!

என்னைக் கட்டிப்போட்டது அடுத்து நடந்ததுதான். வரி மாட்யூலில் எழுதிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் மாட்யூலின் கிளாஸ் ஒன்றை அடித்ததும் பெயர் சிவப்பானது. அந்த மாட்யூல் வேண்டுமென்று வரி மாட்யூலின் பாமில் எங்கும் சொல்லவில்லையே! ஆல்ட், எண்டர் அழுத்தினேன். அதைச் சேர்க்கலாமா என்று கேட்டது. சரி என்றதும் டிபென்டென்சி வரிகளை பாமில் அதுவே எழுதியது. இன்னொரு நாள் எதிர்த்திசையில் இதையே செய்யப்போனேன். சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வட்டமாகிவிடும் என்று அங்கேயே எச்சரித்தது. வட்டம் விழுந்தால் மேவன் பில்டையே தொடங்காது. அந்தத் தப்பை, விரல் கீபோர்டில் இருக்கும்போதே பிடித்துக் கொடுக்கிறதே, இதைவிட என்ன வேண்டும்?

அந்த இரண்டு மாட்யூல்களுக்கும் பொதுவான கிளாஸை எஃப்6 அழுத்திப் பொது மாட்யூலின் புது பேக்கேஜுக்கு நகர்த்தினேன். அதைப் பயன்படுத்திய இடங்களிலெல்லாம் இம்போர்ட் வரிகள் தானாக மாறின. ஒன்றைக்கூட நான் தேடிப் போகவில்லை.

எது முதலில் பில்ட் ஆக வேண்டும் என்ற கணக்கும் நம் தலையில் இல்லை. சார்பைப் பார்த்து மேவனே வரிசைப்படுத்துகிறது. 2010இல் வந்த மேவன் 3 முதல், ஒன்றையொன்று சாராத மாட்யூல்களை ஒரே நேரத்தில் பில்ட் செய்யவும் முடிகிறது. லைப்ரரிகளின் பதிப்பு எண்களைத் தாய் பாமில் ஒரே இடத்தில் வைத்தோம். எண்ணை அங்கே மாற்றினால் ஒன்பதுக்கும் போதும்.

இத்தனைக்கும் காசு கட்டத் தேவையில்லை. ஜாவா, மேவன் ஆதரவு இரண்டும் ஐடியாவில் இலவசமாகவே கிடைக்கும் வசதிகள். உங்கள் ப்ராஜெக்டும் பெருத்துவிட்டதென்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைக்காதீர்கள். எதையும் சாராத ஒரு பகுதியை முதலில் தனி மாட்யூலாக எடுத்து, தாய் பாமைத் திறந்து பாருங்கள்.