வேட்டையும் வேந்தாட்சியும்

மன்னர் வேட்டையாடினார் என்று ஒரு நூல் கூறினால், எதனைக் கொன்றார், எத்தனை கொன்றார் என்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். யார் காண்பதற்காகக் கொன்றார் என்று கேட்பதே திறனாய்வின் தொடக்கம். கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வினா தொலைவானதன்று. அவர்கள் நிற்கும் நிலமே காடழித்துக் கண்ட தோட்ட நிலம் அன்றோ?

1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பார் நடந்தது. சில நாட்களில் அவர் நேபாளத்துத் தராய்க் காட்டிற்குச் சென்றார். நூற்றுக்கணக்கான யானைகள் வளையமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே அகப்பட்ட விலங்குகள் சுடப்பட்டன. வீழ்ந்த புலிகள் 39, காண்டாமிருகங்கள் 18. புலிகளுள் 21 மன்னர் கையால் மாண்டவை. தப்ப வழியற்ற விலங்கைக் கொல்வதில் வீரம் எவ்வளவு என்று கேட்பது பொருந்தாது. அங்கு வேண்டப்பட்டது வீரம் அன்று, காட்சி. தர்பாரில் சமஸ்தான மன்னர்கள் வணங்கினர். காட்டில் புலிகள் வரிசையாகக் கிடத்தப்பட்டன. இரண்டும் ஒரே நாடகத்தின் இரு களங்கள். 1799இல் திப்பு வீழ்ந்தபின் வெளியிடப்பட்ட பதக்கத்திலும் சிங்கம் ஒன்று புலியை அடக்குவதாகவே பொறித்தனர். புலி அவர்கட்கு வெறும் விலங்கன்று. அடக்கப்பட்ட நாட்டின் உருவம்.

மலாயாவில் அதிகாரிகளும் துரைமாரும் இதே வழியில் நடந்தனர். தியோடர் ஹப்பாக் யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதினார். அவரே பின்னாளில் வனவிலங்குக் காப்புக்காக ஓயாது வாதாடினார். மலாயாவின் வனவிலங்கு ஆணையத்தை நடத்தினார். அம்முயற்சியால் எழுந்த தேசியப் பூங்காவுக்கு இடப்பட்ட பெயர் யாது? ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரே! கொன்றவர் பெயரே காத்தவர் பெயராகவும் நின்றது. விடுதலைக்குப் பின்னரே அது தாமான் நெகாரா ஆயிற்று.

‘நம் மன்னர்களும் வேட்டையாடவில்லையா?’ என்று கேட்கலாம். ஆடினர். ஆயின் புறநானூற்று 152ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்பு வரை துளைத்துச் செல்கிறது. இதில் உயர்வு நவிற்சி உண்டு, கொலையும் உண்டு. எனினும் வன்பரணர் நம் கண்ணை வேறிடத்தில் நிறுத்துகிறார். வேட்டுவனை இன்னான் என்று பாணர் அறியார். தன் பெயரைப் பாட்டில் கேட்டதும் அவன் நாணுகிறான். ஊனும் கள்ளும் பொன்னும் தருகிறான். தராய்க் காட்டில் எண்ணிக்கை புகழாயிற்று; கொல்லிமலையிலோ கொடையே புகழ். நம் நடுகற்களுள்ளும் சில புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுக்கப்பட்டவை.

சிலாங்கூருக்கு வடக்கே, பேராக்கின் தெலுக் இந்தானில், நடுகல் போன்ற ஒரு நினைவுப் பலகை உண்டு. 1894 செப்டம்பர் 17ஆம் நாள் தன் கூட்டத்தைக் காக்க இரயிலோடு மோதி, அதனைத் தடம்புரளச் செய்து மாண்ட காட்டுயானைக்கு அது வைக்கப்பட்டது. வேட்டைக்காரனை விடுத்து விலங்கை வீரனாக்கும் அச்சில வரிகள், துரைமாரின் நூல்கள் பலவற்றினும் மேலானவை.

இன்னும் ஒன்றை மறைத்தலாகாது. துப்பாக்கி கொன்றவற்றினும் தோட்டம் வெளியேற்றியவை மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்காக இவ்வட்டாரக் காடுகள் வெட்டப்பட்டன. வெட்டச் சொன்னவர் துரை. கோடரி பிடித்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். ஊதியத்துக்கு உழைத்த அவர்மேல் பழியில்லை. ஆயின் காட்டை வென்ற பெருமை துரைக்குச் சென்றது. காய்ச்சலும் பாம்புக்கடியும் அவர்க்கு எஞ்சின. தீபகற்ப மலேசியக் காடுகளில் இன்று 150க்கும் குறைவான புலிகளே உள்ளன என்பது கணக்கெடுப்பு. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2019இல் மறைந்தது.

வேட்டை நூலை வகுப்பில் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்யுங்கள்: கொன்றவர் யார்? காட்டைக் கலைத்தும் சுமந்தும் உழைத்தவர் யார்? புகழ் யாரிடம் சேர்ந்தது? விடைகள் வேறு வேறாக இருக்கும் இடத்தில்தான் ஆட்சியின் உருவம் புலப்படும்.