டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பழைய நூலும் புதிய விதியும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-இல் அமெரிக்காவில் வெளியான, மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு ஆகும். இதன் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. 2024-இல் வெளியான திருத்திய விதிநூல், ஐந்தாம் பதிப்பின் பழைய நூல்களோடு ஒத்துப்போகும் எனப்பட்டது. இக்கூற்று பாதியே உண்மை.

பழைய சாகசக் கதைகளைப் புதிய விதிகளின்படி ஆடலாம். சிக்கல் கதாபாத்திரங்களில்தான் எழுகிறது. முன்பு பூசாரிக் கதாபாத்திரம் முதல் நிலையிலேயே தன் உட்பிரிவைத் தேர்ந்தெடுக்கும். இப்போது மூன்றாம் நிலையில்தான். பழைய உட்பிரிவை வைத்துக்கொள்பவரும் அதன் திறன்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டும். காயம் ஆற்றும் மந்திரத்துக்கு அன்று எண்முகப் பகடை ஒன்று, இன்று இரண்டு.

பழைய நூலைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு எது செல்லும், எது செல்லாது என்ற தெளிவான பட்டியலே தேவை. ‘ஒத்துப்போகும்’ என்ற ஒற்றைச் சொல் போதாது.