பனையோலைக் காற்றாடி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனிக் காற்று வீசும் வேகத்துக்கு எந்தக் காற்றாடியும் சுழன்றுவிடும். அதில் வித்தை ஒன்றுமில்லை. தஞ்சைச் சீமையில் ஆடிக் காற்று ஓய்ந்தபின், நாற்று நட்ட வயலின்மேல் புரட்டாசி மாதத்து மந்தமாருதம் வருவதா வேண்டாமா என்று தயங்கும் மாலை வேளையில், வெண்ணாற்றங்கரைச் சிறுவன் ஒருவன் இரண்டு ஓலைத் துண்டையும் ஒரு கருவேல முள்ளையும் கொண்டு காற்றாடியைச் சுழல வைக்கிறானே, அந்தச் சாமர்த்தியம்தான் ரஸிக்கத் தக்கது.

காற்றின் வேகம் பாதியானால் அதன் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது விஞ்ஞானம். அதைப் படியாமலே அவன் விரல்கள் பரிகாரத்தை அறிந்திருக்கின்றன. முறுகக் காய்ந்ததையும் பச்சைக் குருத்தையும் ஒதுக்கி, வளைத்தால் வளைந்தபடி நிற்கும் பதமான ஓலையாகத் தேர்ந்து, இறக்கைகளை அகலமாகவே கிழித்து, பெருவிரலால் நீவி நீவிச் சற்று அதிகமாகவே சாய்வு கொடுக்கிறான். முள்ளில் கோத்து மெல்லச் சுண்டிவிடுகிறான். ஒரே இறக்கை திரும்பத் திரும்ப அடியில் வந்து நின்றால், அதன் நுனியை நகத்தால் நூலளவு கிள்ளி எறிகிறான். துளை முள்ளை இறுகப் பிடித்தாலும் ஆகாது, தளர்ந்து ஆடினாலும் ஆகாது. கரகரவென்ற ஓசை அடங்கி, உலர்ந்த சரசரப்பு மட்டும் மிஞ்சும்வரை முள்ளைச் சிரத்தையுடன் திருகிக்கொண்டே இருக்கிறான். திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் காற்றாடி பார்வைக்கு அழகுதான். ஆனால் இந்தக் காற்றுக்கு அது அசைந்து நான் கண்டதில்லை.