காற்றடித்தால் போதுமா?

லாரிக்காரர் செய்யும் சிக்கனங்களில் ஏர் பில்டருக்குக் காற்றடிப்பதைப் போல நியாயமாகத் தெரிவது வேறொன்றில்லை. உள்ளே இருக்கும் காகித எலிமெண்டைக் கழற்றி, டயரில் நாலு தட்டு தட்டி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதி மாட்டினால் வண்டி உடனே இழுக்கிறது, கரும்புகை குறைகிறது, புது எலிமெண்டுக்கு ஆகும் சில ஆயிரமும் மிச்சமாகிறது. குமாரபாளையத்திலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு வரை லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் வைத்திருப்பவர்களுக்கு இது கேள்வி கேட்காத வழக்கம். பில்டர் விற்பவரோ, ஊதவே கூடாது, மாற்று என்கிறார். அவருக்கு அதில் லாபம் உண்டுதான். அதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது.

பழைய லாரிகளில் இருந்தது ஆயில் பாத் பில்டர். கிண்ணத்தில் எண்ணெய், மேலே கம்பி வலை. சேறாகிப்போன எண்ணெயைக் கொட்டி, டீசலில் கழுவி, குறி வரை புது எண்ணெய் ஊற்றினால் தீர்ந்தது. இன்றும் பல டிராக்டர்களில் அதுதான். அங்கே கழுவுவதே முறை. காகித எலிமெண்ட் வந்த பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை என்றே நினைக்கிறேன்.

காகிதத்தின் கதை வேறு. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியவே சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஓட்டத்தில் இன்ஜின் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். அந்தக் காற்றில் வரும் மணல்தூளில் இருக்கும் குவார்ட்ஸ், சிலிண்டர் லைனரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அதிகம் தேய்ப்பது ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள தூள் என்பது பொறியாளர்களின் கணக்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, கண்ணுக்குத் தெரியும் அழுக்கல்ல, தெரியாததுதான் இன்ஜினைத் தின்கிறது.

குமாரபாளையத்தில் இது இன்னும் ஏமாற்றும். விசைத்தறிக்கூடங்களையும் நூல் மில்களையும் சுற்றி ஓடும் வண்டியின் எலிமெண்டில் பஞ்சு படர்ந்து ஒட்டியிருக்கும். ஊதியதும் பறந்துவிடும், எலிமெண்ட் வெளுத்துத் தெரியும். மடிப்புக்குள் புதைந்த நுண்தூள் அப்படியே இருக்கும். வெளுப்பைப் பார்த்து மெக்கானிக்கும் ஓனரும் திருப்தியடைகிறார்கள்.

பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்று நிற்கும். ஊத அனுமதிக்கும் தயாரிப்பாளர்கள்கூட 30 பிஎஸ்ஐ அளவில், உள்ளிருந்து வெளியே, சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதச் சொல்கிறார்கள். நாம் வெளியிலிருந்து, குழாய் மூக்கை ஒட்டவைத்து அடிக்கிறோம். தூள் உள்ளே இறங்குகிறது, காகிதம் ஊசித்துளையாய்க் கிழிகிறது. டயரில் தட்டும்போது நசுங்கிய விளிம்பில் ரப்பர் சரியாக உட்காராது. அந்த இடுக்கு வழியாக வடிகட்டாத காற்று நேரே டர்போவுக்குப் போகும். உள்ளே பல்பை விட்டுப் பார்த்தால் பெரிய ஓட்டைதான் தெரியும், நைந்த காகிதம் தெரியாது.

இன்னொன்றைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. புது எலிமெண்ட்தான் தூளை மோசமாகப் பிடிக்கும். மேலே ஒரு படிவு சேர்ந்த பிறகு அந்தப் படிவே வடிகட்டியாக வேலை செய்யத் தொடங்குகிறது. வாரம் தவறாமல் கழற்றி ஊதுகிறவர் அந்தப் படிவை ஒவ்வொரு முறையும் கலைக்கிறார். பில்டர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் தூள் விழவும் வழி செய்கிறார். அக்கறை அதிகமானவரின் இன்ஜின் சீக்கிரம் ஆயில் குடிக்க ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் மாற்றுவதே சரியா? சந்தையில் போலி எலிமெண்ட் தாராளம். மட்டக் காகிதமும் பிடிமானமில்லாத பசையுமாக வரும் போலியைவிட, முறையாக ஊதிய அசல் எவ்வளவோ மேல். மாற்றும் கணக்கும் எல்லா இன்ஜினுக்கும் ஒன்றல்ல. பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியைக் கடக்கும் மோட்டார் படகுக்கு நடு ஆற்றில் தூசித் தொல்லை குறைவு. லாரிக் கணக்கில் அதற்கு மாற்றுவது வீண்.

எதிர்முனையில் நிற்பது ரிக் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து மகாராஷ்டிரம், ராஜஸ்தான் என்று போய்ப் பாறையைத் துளைக்கும்போது தண்ணீர் ஊறும்வரை எழுவதெல்லாம் கல்தூள். சில நாளில் எலிமெண்ட் அடைத்துக்கொள்ளும். அத்துவானத்தில் ஒவ்வொரு முறையும் புதுசு வாங்கு என்பது நடக்காத பேச்சு. அங்கே ஊதுவதற்கு நியாயம் உண்டு, ஊதும் முறைக்குத்தான் இல்லை. உதிரி எலிமெண்ட் ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி மாட்டி, கழற்றியதைத் தூசியில்லாத இடத்தில் நிதானமாக ஊதலாம். பில்டர் பெட்டிக்கு அடியில் தொங்கும் ரப்பர் வால்வைத் தினமும் அமுக்கிவிட்டால் முன்வடிகட்டியில் சேரும் பருந்தூள் கொட்டிப்போகும். காசில்லாத இந்த வேலையைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். ஊதும் பையனின் மூக்குக்கு ஒரு நல்ல முகக்கவசமும் வேண்டும். கல்தூள் நுரையீரலில் தங்கினால் அது சிலிக்கோசிஸ், அதற்குக் குணமில்லை.

என் தீர்ப்பு காற்றடிக்கும் வழக்கத்துக்கு எதிரானதுதான், ரிக் வண்டிக்கு மட்டும் விலக்கு. சாலையில் ஓடும் லாரிக்கு, பில்டர் அடைப்பைச் சொல்லும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். காட்டியதும் அசல் எலிமெண்டாக மாற்றுங்கள். அதற்கு உள்ளே இரண்டாவதாக இருக்கும் சேஃப்டி எலிமெண்டை எந்த வண்டியிலும் ஊதவே கூடாது. ரிக் ஓனர்கள் எலிமெண்டின் மூடியிலேயே மாட்டிய தேதியை எழுதி, ஊதும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடு விழுந்ததை அடுத்த முறை குப்பையில் போட்டுவிடுங்கள்.